இரண்டாம் பிரேக்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பாதிப் பேர் அவளைவிட வயதில் மூத்தவர்கள். ஆனாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்த மறுநிமிடம் எல்லோரும் ஒன்றாம் வகுப்புக்குப் போய்விடுவார்கள். பக்கத்து இருக்கையில் உட்காரும் அவள் காலடியில் இன்னொரு பிரேக் உண்டு. பதினோரு வருடமாக அந்தப் பிரேக்தான் அவளுக்குச் சோறு போட்டது.

அவள் எழுத வந்ததற்குக் காரணம் ஒரு பல்பு. அவள் கணவர் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். பத்தாவது மாடியில் கயிற்றில் தொங்கிய காலத்திலெல்லாம் ஒரு கீறல் படாதவர், சொந்த வீட்டில் பல்பு மாட்டுவதற்காக ஏணியின் இரண்டாவது படியில் ஏறி, விழுந்து, கணுக்காலை முறித்துக்கொண்டார். மூன்று இடத்தில் முறிவு, ஏழு மாதம் வேலைக்குப் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் நாத்தனார் ஒரு யோசனை சொன்னாள். கணவரின் தங்கை அவள், மருந்துக்கடையில் வேலை, அவர்களோடுதான் இருந்தாள். கடையில் கூட்டம் இல்லாத நேரமெல்லாம் போனில் கதை படிப்பாள்.

"அண்ணி, சாப்பிடும்போது தினம் ஒரு கதை சொல்றீங்கல்ல, அதையே எழுதிப் போடுங்க. நான் படிக்கற தளத்துல யார் வேணா எழுதலாம். நடுநடுவுல விளம்பரம் வரும். அந்த விளம்பரக் காசுல பாதி தளத்துக்கு, பாதி எழுதறவங்களுக்கு."

"நான் எழுதறதை யாரு படிப்பா?"

"நான் படிப்பேன்."

"நீ ஒருத்தி படிச்சா எவ்வளவு வரும்?"

நாத்தனார் மனக்கணக்குப் போட்டாள். "ஒரு வருஷம் விடாம படிச்சா ஒரு தலைவலி மாத்திரை வாங்கலாம். அட்டை இல்ல. ஒரு மாத்திரை."

ஆனாலும் டீச்சர் எழுதினாள். தேர்வு மைதானத்துக்கு வெளியே, ஒரு மாணவர் போய் அடுத்தவர் வரும் இடைவெளியில், வண்டியை மரநிழலில் நிறுத்திவிட்டுப் போனில் தட்டினாள். பின்னால் பார்க்கச் சொன்னால் கண்ணாடியில் தன் தலைமுடியைச் சரிசெய்துகொண்ட பெண்ணைப் பற்றி ஒன்று. தன் வண்டியின் நிழலுக்கே ஹாரன் அடித்த தபால்காரரைப் பற்றி ஒன்று. புனைபெயர், 'இரண்டாம் பிரேக்'. யாருடைய பெயரையும் எழுதவில்லை, ஊரையும் எழுதவில்லை. ஒவ்வொரு கதைக்கு நடுவிலும் ஆயுள் காப்பீட்டு விளம்பரம் வந்தது. பொருத்தமாகத்தான் இருந்தது.

முதல் மாத வருமானத்தில் ஒரு டீ குடிக்கலாம். அதையும் இரண்டு பேர் பகிர்ந்துகொண்டால் நல்லது. இரண்டாம் மாதம் அதுவும் இல்லை. தளத்திலிருந்து கடுமையான ஒரு கடிதம் வந்தது. ஒரே போனிலிருந்து ஒரே நாளில் அறுபத்திரண்டு முறை விளம்பரம் தட்டப்பட்டிருக்கிறது, இது விதிமீறல், இந்த மாதத் தொகை நிறுத்தப்படுகிறது என்று.

டீச்சர் போனை நீட்டினாள். நாத்தனார் படித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"உதவியா இருக்கட்டுமேன்னுதான் அண்ணி. தட்டினா காசு அதிகம்னு சொன்னாங்க."

"உன் உதவியில ஒரு மாசக் காசு போச்சு."

"எவ்வளவு?"

"அரை டீ."

"அப்போ பெரிய நஷ்டம் இல்ல," என்றாள் நாத்தனார், நிமிர்ந்து.

இப்படியே போயிருந்தால் மூன்றாம் மாதம் அவள் எழுதுவதை விட்டிருப்பாள். அப்போதுதான் பல் டாக்டர் வந்து சேர்ந்தார்.

வயது ஐம்பத்தைந்து இருக்கும். சொந்தக் கிளினிக், இருபத்தாறு வருட அனுபவம். துளைக்கும் கருவியைப் பிடித்தால் மயிரிழை அசையாத கை, ஸ்டீயரிங்கைப் பிடித்ததும் வெடவெடவென்று நடுங்கியது. அந்த நடுக்கத்தை அடக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். நோயாளிகளிடம் பேசுகிற மாதிரி வண்டியிடம் பேசினார்.

முதல் கியர் போடும்போது, "கொஞ்சம் கூச்சமா இருக்கும், அவ்வளவுதான், பயப்படாதே," என்பார். ரிவர்ஸ் எடுக்கும்போது, "முடிஞ்சுது, முடிஞ்சுது, இன்னும் ஒரே நிமிஷம்," என்பார். ஓரமாக நிறுத்திய பிறகு டேஷ்போர்டைத் தட்டிக்கொடுத்து, "சபாஷ், ரொம்ப நல்லா ஒத்துழைச்சே," என்பார்.

வேகம்தான் வரவே இல்லை. ஆக்சிலரேட்டரை அவர் மிதிப்பதில்லை. பூவைத் தொடுவது போலத் தொடுவார். சைக்கிள்கள் முந்திப் போயின. ஒருநாள் குழந்தைவண்டி தள்ளிக்கொண்டு போன ஒரு பெண் அவர்களை முந்திப் போய், பிறகு மனசு கேட்காமல் திரும்பி வந்து, "வண்டி ரிப்பேரா? யாரையாவது கூப்பிடட்டுமா?" என்று ஜன்னல் வழியாக விசாரித்தாள். சாலையில் காகிதப்பை கிடந்தாலும் நிறுத்திவிடுவார்.

"அது வெறும் பை டாக்டர். போங்க."

"உள்ள ஏதாவது உயிர் இருந்தா டீச்சர்?"

அவள் இறங்கிப் போய்ப் பையைத் திறந்து காட்டிய பிறகே வண்டி நகர்ந்தது.

அவரை அவள் 'பூப்பாதம்' என்று எழுதினாள். டாக்டர் என்று எழுதினாள். என்ன டாக்டர் என்று எழுதவில்லை. காகிதப்பை கதையை முதல் நாளே நாலாயிரம் பேர் படித்தார்கள். அடுத்ததைப் பத்தாயிரம் பேர். பிறகு எண்களைப் பார்க்க அவளுக்கே பயமாக இருந்தது. 'இன்று பூப்பாதம் மூன்றாவது கியர் போட்டாரா?' என்று முன்பின் தெரியாத ஆட்கள் கீழே எழுதினார்கள். ஒரு நர்ஸ், தன் வார்டில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டுவதாகச் சொன்னாள்.

ஒரு விஷயம் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். பல் என்ற சொல்லையே அவள் எங்கும் எழுதவில்லை. ஆனால் ஆறாவது கதையிலிருந்து நடுவில் பற்பசை விளம்பரம் வரத் தொடங்கியது. விளம்பரம் போடும் கணினிக்கே வாசனை தெரிந்துவிட்டது என்றால் மனிதர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? அவள் அப்போது அதைப் பார்த்துச் சிரித்ததோடு சரி.

ஓட்டுநர் தேர்வில் டாக்டர் இரண்டு தரம் தோற்றார். முதல் தரம், கண்ணாடிகளைச் சரிசெய்வதிலேயே அவருக்குக் கொடுத்த நேரம் முழுவதும் தீர்ந்தது. இரண்டாம் தரம், பச்சை விளக்கில் நிறுத்திவிட்டார். "எப்படியும் சிவப்பு வரத்தானே போகுது?" என்று தேர்வு அதிகாரியிடமே விளக்கம் சொன்னாராம். அந்த இரண்டு தோல்விக் கதைகளும் காட்டுத்தீ போலப் பரவின. அந்த மாதம் தளத்திலிருந்து வந்த தொகை, வீட்டு வாடகைக்குச் சரியாக இருந்தது.

டீச்சர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கணவரிடம் ஓடினாள். கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர், புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது வெங்காயத்தால் மட்டும் இல்லை.

சிக்கல் எங்கே வந்தது என்றால், டாக்டர் தேறத் தொடங்கினார். மூன்றாவது கியர் போட்டார். வளைவில் பேச்சைக் குறைத்தார். நல்ல முறையில் ஓட்டிய ஒரு நாளைப் பற்றி அவள் எழுதியபோது படித்தவர்கள் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு இறங்கியது. 'பூப்பாதம் பாஸாகிவிட்டால் எங்களுக்கு யார் இருக்கிறார்கள்?' என்று ஒருவர் புலம்பியிருந்தார். டீச்சருக்கும் அதே கேள்விதான்.

தேர்வுத் தேதி எடுப்பது பள்ளியில் அவள் பொறுப்பு. போனில் வாகன அலுவலகத்தின் இணையப் பக்கத்தைத் திறந்தாள். செவ்வாய் காலி, புதன் காலி, வெள்ளியும் காலி. பார்த்துவிட்டு மூடினாள்.

"எல்லாம் நிரம்பிடுச்சு டாக்டர். அடுத்த மாசம் பாக்கலாம்."

"சரி டீச்சர். நீங்க பாத்துச் சொன்னா சரிதான்."

அவர் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. அன்று சாப்பிடும்போது பட்டும்படாமல் வீட்டில் சொன்னாள்.

"ஒரு மாசம்தானே அண்ணி," என்றாள் நாத்தனார். "அவரும் இன்னும் நல்லா கத்துக்குவாரு."

கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அடுத்த வாரம் என் காலுக்குக் கட்டுப் பிரிக்கணும். அந்த டாக்டர், 'கட்டு இருந்தாதான் எனக்கு வரும்படி, இன்னும் ஆறு வாரம் இருக்கட்டும்'னு சொன்னா நீ என்ன சொல்லுவே?"

"சாப்பிடும்போது பேசாதீங்க. புரை ஏறும்."

புரை ஏறியது அவளுக்குத்தான். ஆனாலும் அடுத்த மாதமும் தேதி எடுக்கவில்லை. வாடகை இருந்தது, பிசியோதெரபிக்காரருக்கு வேறு கொடுக்க வேண்டியிருந்தது. இன்னும் ஒரே ஒரு மாதம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். டாக்டர், "முடிஞ்சுது, முடிஞ்சுது, இன்னும் ஒரே நிமிஷம்," என்று வண்டியை ஏமாற்றுவதைப் போலவே அது இருந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலை டாக்டர் வண்டியில் ஏறி, பெல்ட்டைப் போட்டு, சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தார்.

"வாகன ஆபீஸ்ல தேதி குடுக்கற கிளார்க்குக்கு நேத்து கடைவாய்ப் பல் எடுத்தேன் டீச்சர்."

டீச்சர் தன் பெல்ட்டை இழுத்துச் சரிசெய்தாள்.

"ரெண்டு மாசமா பாதி நாள் காலியா கிடக்குதாம். ஆளே வர்றதில்லையாம்."

"பல் எடுக்கும்போது அவர் எப்படிப் பேசினாரு?" என்று வாய்தவறிக் கேட்டாள். அதைத் தவிர வேறு எதையாவது கேட்டிருக்கலாம்.

"மரப்பு ஊசி போட்டுட்டு பத்து நிமிஷம் காத்திருக்கணும். அப்ப எல்லாரும் பேசுவாங்க." அவர் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே இருந்தார். "அப்புறம், போன வாரம் நான் புறாவுக்கு வழி விட்டதை எழுதியிருந்தீங்க. அது ஒரு புறா இல்ல. ரெண்டு. ஒண்ணு நொண்டிச்சுது. அதனாலதான் அவ்வளவு நேரம்."

தெருவில் யாரோ கடையின் இரும்புக் கதவை ஏற்றும் சத்தம் கேட்டது.

"எப்ப தெரியும் டாக்டர்?"

"மூணாவது கதையிலயே. நான் கண்டுபிடிக்கல, என் வீட்டுக்காரி கண்டுபிடிச்சா. அவளுக்குக் கண் பார்வை குறைஞ்சுக்கிட்டே வருது. இருபத்தஞ்சு வருஷமா எங்க வீட்டுல கார் ஓட்டினவ அவதான். நான் பக்கத்துல உக்காந்து வேடிக்கை பாத்தவன். இப்ப அவளால ஓட்ட முடியாது, படிக்கவும் முடியாது. சாயங்காலம் நான் படிச்சுக் காட்டுவேன். கிளினிக் நர்ஸ் ஒருத்தி, 'இதைப் படிங்க சார், சிரிப்பா இருக்கும்'னு குடுத்தா. படிச்சேன். 'சபாஷ், நல்லா ஒத்துழைச்சே'ன்னு வந்ததும் அவ விழுந்து விழுந்து சிரிச்சா. 'இது நீங்கதான்'னா. எட்டு மாசம் கழிச்சு அவ அப்படிச் சிரிச்சா டீச்சர். அதனாலதான் நான் உங்ககிட்ட ஒண்ணும் கேக்கல. கிண்டல் பண்ணது பரவாயில்ல. ஆனா தேதி..."

"காசுக்காகத்தான் டாக்டர்," என்றாள். சுற்றி வளைக்க அவளுக்குத் தோன்றவில்லை. "நீங்க தோத்தா நிறைய பேர் படிக்கறாங்க. வீட்டுல அவருக்குக் கால் உடைஞ்சு கிடக்கு. ஆனா அது காரணம் இல்ல, சாக்குதான். நான் பண்ணது தப்பு."

டாக்டர் சாவியைத் திருகினார். முதல் கியர். வண்டியிடம் ஒரு வார்த்தை இல்லை. இரண்டாவது. மூன்றாவது. உதட்டை இறுக்கிக்கொண்டு, பெரிய சாலையில் ஏறினார். ஒரு பஸ்ஸை முந்தினார். ரவுண்டானாவில் நுழைந்து, சுற்றி, எந்த வழியில் வெளியேற வேண்டுமோ அந்த வழியில் வெளியேறினார். சாலை நடுவே இருந்த பறவைகள் தாங்களாகவே பறந்து போயின. டீச்சரின் கால் தன் பிரேக்குக்கு மேலே அந்தரத்தில் நின்றது. ஒரு தடவைகூட அதை மிதிக்க வேண்டியிருக்கவில்லை. கோபம் வந்ததில் அவருக்குப் பயப்பட மறந்துவிட்டது.

பூங்கா அருகே வந்ததும் அவர் திடீரென்று விழித்துக்கொண்டவர் போலக் கேட்டார்: "இப்ப எந்த கியர்ல போறேன்?"

"நாலாவது."

"அய்யய்யோ!" என்று காலை எடுத்தார். வண்டி இரண்டு குலுக்குக் குலுக்கி ஓரமாக நின்றது. இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. முதலில் சிரித்தது அவர்தான். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு டீச்சரும் சிரித்தாள். அவளுக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

"டாக்ஸியில போனா அவளுக்குப் பிடிக்க மாட்டேங்குது," என்றார் அவர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு. "போற வழியில ஒரு மரம் பூத்திருந்தா நிறுத்தச் சொல்லுவா. எவ்வளவு தூரம் தெரியுதுன்னு பாத்துப்பா. டாக்ஸிக்காரங்க நிறுத்த மாட்டாங்க, மூஞ்சியக் காட்டுவாங்க. 'நிறுத்துன்னா நிறுத்தற ஆள் வேணும்'னா. அதுல என்னை மிஞ்ச ஆள் உண்டா?"

"இல்ல டாக்டர். அதுல நீங்கதான் முதல்."

அங்கேயே, அவர் கண்முன்னாலேயே, டீச்சர் போனை எடுத்து வியாழக்கிழமைக்குத் தேதி போட்டாள்.

வியாழக்கிழமை அவள் மைதானத்துச் சுவருக்கு வெளியே நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். இருபது நிமிடத்தில் டாக்டர் ஒரு காகிதத்தை ஆட்டிக்கொண்டு வந்தார். பாஸ். கொஞ்சம் வேகம் போதாது என்று அதிகாரி குறிப்பு எழுதியிருந்தார். கடைசியாக வண்டியை நிறுத்தியதும், பழக்கதோஷத்தில், "சபாஷ், ரொம்ப நல்லா ஒத்துழைச்சே," என்று டாக்டர் சொல்ல, அதிகாரி அது தனக்கு என்று எடுத்துக்கொண்டு, "அதெல்லாம் என் கடமை சார்," என்று நெளிந்தாராம்.

இறுதிக் கதையை அவள் டாக்டரிடம் முழுவதும் வாசித்துக் காட்டி, அவர் சரியென்ற பிறகு போட்டாள். தேதி விஷயத்தில் இரண்டு தரம் பொய் சொன்னதையும், எதற்காகச் சொன்னாள் என்பதையும் மறைக்காமல் எழுதினாள். கீழே சிலர் வாங்கு வாங்கு என்று வாங்கினார்கள். 'இரண்டாம் பிரேக்கை இனி நம்பமாட்டேன்' என்று எழுதிய நர்ஸ், மறுநாள் வந்து, 'வார்டில் கேட்கிறார்கள், அடுத்தது எப்போது?' என்று எழுதினாள். நிறையப் பேர் டாக்டரின் கிளினிக் எங்கே என்று கேட்டார்கள். அதை மட்டும் அவள் சொல்லவில்லை.

அந்த மாதம் வந்த தொகை அதுவரை வந்ததிலேயே பெரியது. அதில் சரிபாதியை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு டாக்டர் வீட்டுக்குப் போனாள். தளம் அவளோடு பங்கு போடுகிறது என்றால் அவள் அவரோடு பங்கு போடுவதுதான் நியாயம் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தாள்.

"சேச்சே, எனக்கு எதுக்கு?" என்று டாக்டர் இரண்டடி பின்வாங்கினார்.

"இவருக்கு வேண்டாம்னா விடு. எங்கிட்ட குடும்மா," என்று ஒரு கை நீண்டது. டாக்டரின் மனைவி. தடித்த மூக்குக்கண்ணாடி, கட்டையாக வெட்டிய நரைமுடி, அதட்டலான குரல். உறையைத் தடவிப் பார்த்து மடியில் வைத்துக்கொண்டாள். "இவர் ஓட்ட, பக்கத்துல உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காரப் போறது யாரு? நான்தானே? உனக்காவது அந்தப் பக்கம் ஒரு பிரேக் இருந்துது. எனக்கு என்ன இருக்கு?"

"அது நியாயம்தான்," என்றாள் டீச்சர்.

"சரி, இதைச் சொல்லு. அந்தத் தளத்துல வாயால சொன்னா அதுவே எழுதிக்குமா?"

டீச்சர் செய்து காட்டினாள். போனில் எந்தப் பொத்தானை அழுத்தினால் பேசுவது எழுத்தாகும், எங்கே தொட்டால் வெளியாகும் என்று அந்த அம்மாவின் விரலைப் பிடித்துத் தொட்டுத் தொட்டுப் பழக்கினாள். அரைமணி நேரம்தான். பத்து நாளில் 'பக்கத்து இருக்கை' என்ற பெயரில் புதிய தொடர் வந்தது. கணவர் கார் ஓட்ட, மனைவி எங்கெல்லாம் நிறுத்தச் சொன்னாள், அவர் எங்கெல்லாம் அவள் சொல்லாமலே நிறுத்தினார், பின்னால் நின்றவர்கள் என்னென்ன திட்டினார்கள் என்று. நிறுத்திய இடத்தில் அவளுக்கு என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை என்பதையும் சொல்லியிருந்தாள். போன முறை இலை தெரிந்த மரத்தில் இந்த முறை பச்சை மட்டும் தெரிந்ததாம். 'பச்சையும் போதும், இவர் பச்சையில்தானே நிற்பார்' என்று எழுதியிருந்தாள். மூன்றாவது வாரம் அது டீச்சரின் எண்ணிக்கையைத் தாண்டியது.

நாத்தனார் வாய்விட்டுச் சிரித்தபடி அதைப் படிப்பதைப் பார்த்து டீச்சருக்குக் கொஞ்சம் எரிந்தது.

"நீ யாரு பக்கம்?"

"நல்லா எழுதறவங்க பக்கம் அண்ணி. ஆனா விளம்பரம் எதையும் தட்டல. சத்தியமா."

கணவர் வேலைக்குத் திரும்பினார். டீச்சருக்கு எழுத்தில் வந்த மாத வருமானம் வாடகையிலிருந்து காய்கறிச் செலவுக்கு இறங்கி, அங்கேயே நின்றது. அது அவளுக்குப் போதுமானதாக இருந்தது. தேர்வுத் தேதிகளை மட்டும் இப்போது முதல் நாளே எடுத்துவிடுகிறாள். எழுதுவதற்கு முன்னால் ஆளைக் கேட்டும்விடுகிறாள்.

புதிதாகச் சேர்ந்தவர் ஒரு விளையாட்டு ஆசிரியர். ஆறடி உயரம், கழுத்தில் விசில். பெல்ட் போட்டதும் டீச்சர் கேட்டாள்.

"சார், நான் இணையத்துல எழுதுவேன். பேர் போடமாட்டேன். உங்களைப் பத்தி எழுதலாமா? விளம்பரத்துல ஏதாவது வந்தா உங்களுக்கும் பங்கு உண்டு."

"தாராளமா எழுதுங்க," என்றார் அவர், மார்பை நிமிர்த்திக்கொண்டு. "ஆனா நான் முதல் தடவையே பாஸ் ஆன மாதிரி எழுதணும்."

"அது நீங்க பாஸ் ஆனா எழுதறேன் சார். இப்ப ஹாரன் எங்க இருக்குன்னு பாத்துக்கோங்க."

அவர் ஹாரனைத் தேடவில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, பலமாக விசில் அடித்தார். தெருவில் போய்க்கொண்டிருந்த மூன்று கார்களும் ஒரு சைக்கிளும் அப்படியே நின்றன.